பேச இயலாத குழந்தையின் வாய்க்காயம்: ஆசிரியர் அறிய வேண்டியவை

நம் பள்ளிகளின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, கட்டுத்துணி, காயத்துக்குப் போடும் மருந்து எல்லாம் இருக்கும். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் ரத்தமும் எச்சிலுமாக உட்கார்ந்திருந்தால் நம்மில் பலருக்குக் கை ஓடாது. உள்ளடங்கிய கல்விப் பயிற்சிகளில் சாய்தளம் பற்றிப் பேசுகிறோம். சக்கர நாற்காலி, பாடத்தை எளிமைப்படுத்துதல், தேர்வில் சலுகை எல்லாம் பேசுகிறோம். வாயைப் பற்றிப் பேசுவது அரிது.

அந்தக் குழந்தைக்கோ வாய்தான் பெரிய சிக்கல். உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். நாக்கின் அடியில் ஆறாத புண் இருக்கும். அதைச் சொல்லப் பேச்சு வராது. அதனால் சாப்பிட மறுக்கிறது, கத்துகிறது, கையைத் தட்டிவிடுகிறது. நாம் அதற்கு 'அடம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்தவரை, இத்தகைய குழந்தைகளிடம் திடீரென்று தோன்றும் அடத்தில் பாதியையாவது வாயைத் திறந்து பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

கைக்குழந்தையின் வாய்ப்புண்ணுக்கும் ஆசிரியருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீட்டுக்கே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் செல்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒன்றியங்களில் அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து வயதுப் பிள்ளை ஆனாலும் உண்ணும் முறையில், விழுங்கும் முறையில், வாயின் அசைவில் அது இன்னும் ஆறு மாதக் குழந்தையாகவே இருக்கலாம். மேலும் பல ஊர்களில் அங்கன்வாடி நம் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மாவின் இடுப்பில்தான் அந்தக் கைக்குழந்தை இருக்கும். மருத்துவரிடம் போவதற்கு முன்னால் அவர் கேட்பது நம்மிடம்தான்.

நாக்கின் அடியில் ஒரு புண்

அப்படித்தான் ஒரு தாய் என்னிடம் வந்தார். குழந்தைக்குப் பத்து மாதம். பிறந்தவுடன் அழவில்லை, இன்னும் தலை நிற்கவில்லை. கீழ்த்தாடையில் இரண்டு பல் முளைத்திருந்தது.

“டீச்சர், ஒரு வாரமா பால் குடிக்கவே மாட்டேங்குறான். வாயில வச்சாலே அழுவுறான்” என்றார்.

அச்சரம் என்று நினைத்து அப்பத்தா மாசிக்காயை உரைத்துத் தடவியிருந்தார். செல்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது நாக்கின் மேல் அச்சரம் போல வெள்ளைப் படிவு எதுவும் இல்லை. அழும்போது நாக்கு மேலே தூக்கியதில் அடிப்பகுதி தெரிந்தது. சரியாக அந்த இரண்டு பற்கள் உரசும் இடத்தில் மஞ்சள் படிந்த ஒரு புண்.

இந்தப் புண்ணுக்கு மருத்துவத்தில் ரீகா–ஃபேடே நோய் என்று பெயர். இத்தாலியைச் சேர்ந்த ரீகா 1881-இல் இதை விவரித்தார். ஃபேடே 1890-இல் விரிவாக எழுதினார். பெயர் நமக்கு முக்கியமில்லை, காரணம் முக்கியம். கீழ்ப்பல் முளைத்ததும், நாக்கை முன்னே தள்ளும் ஒவ்வொரு முறையும் அதன் அடிப்பகுதி பல்லின் கூர்முனையில் உரசுகிறது. இயல்பான குழந்தைக்கும் இது வரலாம், பிறக்கும்போதே பல்லோடு பிறந்த குழந்தைக்கும் வரலாம். நரம்பு வளர்ச்சியில் குறை உள்ள குழந்தை நாக்கை இடைவிடாமல் முன்னே தள்ளுவதால் அதற்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. எத்தனை மருந்து தடவினாலும் உரசல் நிற்காதவரை புண் நிற்காது.

பல் மருத்துவர் செய்தது எளிய வேலை. இரண்டு பற்களின் கூர்முனையை லேசாகத் தேய்த்து மழுக்கினார். சில குழந்தைகளுக்குப் பல்லின் முனையில் பல் நிறப் பூச்சு வைத்து உருண்டையாக்குவதும் உண்டாம். பல்லை எடுப்பது கடைசி வழி. புண் ஆறும்வரை பாலை எந்த நிலையில் உட்காரவைத்து, எவ்வளவு சிறு அளவாகக் கொடுப்பது என்று இயன்முறை மருத்துவர் தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். மூன்றாம் வாரம் புண் மூடியிருந்தது. இதற்கு முன் அந்தத் தாய் போன ஓரிடத்தில், “இந்த மாதிரிப் பிள்ளைக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த வாக்கியத்தை நாம் எங்கே கேட்டாலும் ஏற்கக் கூடாது. குறைபாடு இருப்பதால் வலி இருக்கத்தான் செய்யும் என்பது எந்த மருத்துவ நூலிலும் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே சொல்ல வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் புண்ணில் தேன் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அந்த வயதில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கலாம், ஏற்கெனவே தசை தளர்ந்த குழந்தையிடம் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். அடுத்து, பல் முளைக்கும் வலிக்கென்று கடையில் விற்கும் மரத்துப்போகச் செய்யும் களிம்பு. பென்சோகைன் உள்ள களிம்பை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடலாம் என்பதே காரணம். தொண்டை மரத்துப்போனால் விழுங்குவதும் தடுமாறும்.

கடிப்பது அதன் விருப்பம் அல்ல

கைக்குழந்தையின் ஈற்றில் விரலை வைத்தால் தாடை தானாக மூடும். இது பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல். இயல்பான வளர்ச்சியில் ஒரு வயதுக்குள் மெல்லும் பழக்கம் வந்து இது மறைந்துவிடும். மூளை முடக்குவாதத்தில் பல ஆண்டுகள் நீடிக்கலாம். கரண்டி பல்லில் பட்டதும் தாடை இறுகிப் பூட்டிக்கொள்ளும். குழந்தை நினைத்தாலும் திறக்க முடியாது. அந்த நேரத்தில் நாக்கோ கன்னத்தின் உட்புறமோ நடுவில் இருந்தால் காயம். சத்துணவுக் கூடத்தில் தட்டு விழும் சத்தம், மின்மணி, பின்னாலிருந்து யாராவது தொடுவது, இவையும் திடுக்கிட வைத்துத் தாடையை இறுக்கும்.

இதிலிருந்து வேறுபட்டது, வலி உணராத குழந்தை. பிறவியிலேயே வலியை உணர்த்தும் நரம்புகள் சரியாக அமையாத அரிய நோய்களில், முதல் பல் முளைத்தவுடனேயே குழந்தை தன் நாக்கு, உதடு, விரல் நுனிகளைக் கடித்துக் காயமாக்கிக்கொள்ளும், அழாது. அங்கன்வாடியில் அப்படி ஒரு குழந்தையைக் கண்டால் சமர்த்துக் குழந்தை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

1964-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மைக்கேல் லெஷ் என்ற மாணவரும் வில்லியம் நைஹான் என்ற குழந்தை மருத்துவரும் உடன்பிறந்த இரு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். இருவருமே உதட்டையும் விரலையும் கடித்துச் சிதைத்துக்கொண்டவர்கள். மூன்றாண்டுகளுக்குப் பின், 1967-இல், ஒரு நொதிக் குறைபாடே காரணம் என்று கண்டறியப்பட்டது. மிக அரிய நோய் இது, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும், நம் பணிக்காலத்தில் ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் போகலாம். ஆனாலும் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு வலி தெரியும். கடித்துவிடுவோம் என்ற பயத்தில் கையைக் கட்டிவைக்கச் சொல்லி அவர்களே கேட்பார்கள். தன்னைத்தானே காயப்படுத்தும் குழந்தையைத் திட்டுவதாலோ அடிப்பதாலோ பயன் ஏதும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடக்கும்போது விழுந்தால் கையை ஊன்றத் தெரியாததால் முன்பல்லே தரையில் மோதும். குழாயடியின் சிமெண்ட் விளிம்பும் மேசை முனையும் இதற்கு முதல் எதிரிகள். பல்லை நறநறவென்று கடிப்பதை வயிற்றுப் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பார்கள், பெரும்பாலும் அது காரணமாக இருக்காது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் மாத்திரை சிலருக்கு ஈற்றைத் தடிக்க வைத்துப் பல்லையே மூடிவிடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஈற்றைக் காட்டி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இனிப்புக் கலந்த திரவ மருந்து இரவில் கொடுத்தால், கொடுத்த பின் வாயைத் துடைத்துவிட வேண்டும்.

உதவி செய்யப்போய் உண்டாகும் காயம்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தப் பகுதிதான்.

வலிப்பு வந்தால் நம் ஊரில் நடப்பது அனைவருக்கும் தெரியும். “வெட்டு வந்துருச்சு” என்று ஒருவர் கத்துவார். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். இன்னொருவர் நாக்கைக் கடித்துவிடும் என்று கரண்டியைப் பல்லுக்கு இடையில் நுழைப்பார். வலிப்பில் நாக்கு கடிபடுவது பெரும்பாலும் தொடக்கத்தில், உடல் விறைத்துத் தாடை இறுகும் அந்த முதல் நொடிகளில். நாம் கரண்டியைத் தேடி எடுத்து வருவதற்குள் கடிபடுவது கடிபட்டு முடிந்திருக்கும். அதன் பிறகு நுழையும் கரண்டி உடைப்பது பல்லைத்தான். உடைந்த பல் மூச்சுக்குழலுக்குள் போகலாம். விரலை நுழைத்தவரின் விரலும் போகும். நாக்கை விழுங்கிவிடும் என்பதும் உண்மையல்ல, நாக்கை யாராலும் விழுங்க முடியாது. இரும்புக்கும் வலிப்புக்கும் தொடர்பே இல்லை.

செய்ய வேண்டியது குறைவு. சுற்றியுள்ள மேசை நாற்காலியை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துணியோ பையோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் ரத்தமும் வெளியே வழியட்டும். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தால், 108-ஐ அழையுங்கள். தண்ணீர், சோடா எதுவும் முழு நினைவு வரும்வரை வேண்டாம். வாயைத் திறந்து பார்ப்பதும் அதன் பிறகுதான்.

கைக்குழந்தைக்குப் புகட்டுவதும் இதே வகைதான். சங்கிலோ பாலாடையிலோ பால் கொடுப்பதில் தவறில்லை, பொறுமையாகக் கொடுத்தால். காலை நீட்டி அதில் குழந்தையைப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சங்கின் மூக்கு ஈற்றைக் கீறும். மேலுதட்டையும் ஈற்றையும் இணைக்கும் மெல்லிய தசை கிழியும். இவற்றைவிட ஆபத்து, விழுங்கத் தெரியாத குழந்தைக்குப் பால் நுரையீரலுக்குள் இறங்குவது. அடிக்கடி சளி, காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போகும் குழந்தையிடம் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் நடக்கக்கூடத் தொடங்காத குழந்தையின் மேலுதட்டுத் தசை கிழிந்திருந்தால், அது தானாக விழுந்து ஏற்பட்டதாக இருக்க வாய்ப்புக் குறைவு. வலுக்கட்டாயமாக ஊட்டியதா, யாராவது அடித்தார்களா என்பதை மருத்துவர் பார்த்தாக வேண்டும். நாம் தாயிடம் குற்றம் சாட்டும் தொனியில் பேசக் கூடாது. ஆனால் பார்த்ததை மறைக்கவும் கூடாது. ஐயம் வலுவாக இருந்தால் 1098 இருக்கிறது.

எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம் பண்பாடு. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் டம்ளரைத் தூக்கி வாயில் ஊற்றுகிறோம். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்துவிடும், தண்ணீர் அங்கே போகும், டம்ளரின் விளிம்பு முன்பல்லில் இடிக்கும். அந்தப் பிள்ளைக்கென்று மெல்லிய பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை எடுத்து, மூக்கு இடிக்கும் பக்கத்தில் அரைவட்டமாக வெட்டிவிடலாம். வெட்டிய விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துவிட வேண்டும். தலையைச் சாய்க்காமலே குடித்து முடிக்க முடியும். பத்து ரூபாய்ச் செலவு.

இன்னொன்று, பல் சிகிச்சைக்குப் பின் நடப்பது. பல் எடுக்க ஊசி போட்டால் உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். எந்தக் குழந்தையும் அந்த நேரத்தில் உதட்டைக் கடித்துப் பார்க்கும். சொன்னால் புரிந்துகொள்ள இயலாத குழந்தை மென்றே விடும். மறுநாள் உதடு வீங்கி மஞ்சள் படலத்தோடு இருப்பதைக் கண்டு சீழ் என்று பயப்படுவார்கள், பெரும்பாலும் அது ஆறும் புண்ணின் மேற்படலம். சிகிச்சை முடிந்து நேராகப் பள்ளிக்குக் கூட்டிவந்தால், மரப்பு போகும்வரை எதுவும் மெல்லக் கொடுக்காமல், ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காயம் பட்டுவிட்டால்

பதறாமல் இருக்க ஓர் உண்மை உதவும். வாய்க்குள் ரத்த ஓட்டம் அதிகம், ஆகவே சிறு காயத்திலும் ரத்தம் நிறைய வரும். நாலு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தால் வாய் முழுக்க ரத்தமாகத் தெரியும். அதே ரத்த ஓட்டத்தால்தான் வாய்க்காயம் மற்ற இடங்களைவிட வேகமாக ஆறுகிறது.

குழந்தையை நிமிர்த்தி, முகம் சற்று முன்னால் குனிந்திருக்க உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். உதட்டுக் காயமென்றால் சுத்தமான துணியை வெளியிலிருந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நாக்கில் காயமென்றால், தாடை இறுகும் பழக்கமுள்ள குழந்தையின் பற்களுக்கு இடையில் விரலையோ பஞ்சையோ வைக்காதீர்கள். பஞ்சு தொண்டைக்குப் போய்விடும். குளிர்ந்த நீரில் நனைத்த பெரிய துணியின் ஒரு முனையை வாயோரம் ஒற்றி எடுத்தால் போதும், மறுமுனை நம் கையில் இருக்கட்டும். மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரத்தம் நிற்காவிட்டால், நாக்கு வீங்கினால், மூச்சு இரைத்தால் உடனே மருத்துவமனை. பல்லில் ஒரு துண்டைக் காணோம், இருமலும் விடவில்லை என்றாலும் அப்படியே. கைக்குழந்தை பால் மறுத்து ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் ஆறாத எந்தப் புண்ணும் பல் மருத்துவர் பார்க்க வேண்டியது.

முழுப்பல்லும் விழுந்துவிட்டால் அது பால் பல்லா நிலைப்பல்லா என்று பாருங்கள். பால் பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை. நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தேய்த்துக் கழுவக் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்குப் பல்லை அதே குழியில் உடனே பொருத்திக் கொண்டுபோகலாம் என்பார்கள். வலிப்பு உள்ள, விழுங்கத் தடுமாறும் பிள்ளைக்கு அதைச் செய்யாதீர்கள். பல் கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்து அதிகம். பாலில் கொண்டுபோவதே நல்லது.

சாப்பாட்டு நேரம்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபின் பள்ளியில் ஒரு பிள்ளை இரண்டு வேளை சாப்பிடுகிறது. ஆகவே ஊட்டும் முறை நம் வேலையிலும் ஒரு பகுதி ஆகிவிட்டது. உதிரியாக இருக்கும் ரவை உப்புமா, விழுங்கத் தடுமாறும் பிள்ளைக்குக் கடினம், வாயெங்கும் சிதறி நிற்கும். சாம்பார் ஊற்றி ஒன்றாகச் சேரும்படி மசித்துக் கொடுங்கள். பொங்கலில் மிளகை எடுத்துவிட வேண்டும். வாயில் புண் உள்ள நாட்களில் காரம் குறைந்ததாக, ஆறியதாக இருக்கட்டும்.

முதுகு நிமிர்ந்து, கால் தரையிலோ பலகையிலோ பதிந்து, மோவாய் சற்றுக் கீழே இருக்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் பிள்ளை அண்ணாந்துதான் பார்க்கும். அதன் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். கரண்டி குழியில்லாமல் தட்டையாக, சிறியதாக இருக்கட்டும். உடையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் கரண்டி வேண்டவே வேண்டாம். நாக்கின் நடுவில் கரண்டியை வைத்து, உதடு மூடியதும் நேராக வெளியே எடுங்கள், மேல்பல்லில் வழித்து எடுக்காதீர்கள். தாடை பூட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்க இறுகும். தலை பின்னால் சாயாமல் தாங்கிப் பிடித்து, மெல்லப் பேசிக்கொண்டு காத்திருங்கள். சில நொடிகளில் தானாக விடும். சத்துணவு உதவியாளருக்கு இதை ஒருமுறை செய்து காட்டிவிட்டால் போதும், நம்மைவிட நிதானமாகச் செய்வார்கள்.

நாள், நேரம், என்ன நடந்தது

அடிக்கடி கடித்துக்கொள்ளும் குழந்தைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, கடித்த பின் நாம் என்ன செய்தோம். மூன்றே கேள்வி, இரண்டு வாரம். பதிவேடுகள் ஏற்கெனவே நிறைய இருப்பதை அறிவேன், இது யாருக்கும் அனுப்ப வேண்டிய பதிவேடு அல்ல.

பேச்சு வராத மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டே இருந்தான். நோட்டில் பார்த்தால் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பின், எல்லாம் இடப்பக்கம். வீட்டில் அடம் என்றே நினைத்திருந்தார்கள். பரிசோதித்ததில் இடது கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. அதைச் சரிசெய்ததும் கடிப்பது நின்றது. இன்னொரு பிள்ளையின் நோட்டில் மணியடிக்கும் நேரமும் கடிபடும் நேரமும் ஒத்துவந்தன. வராந்தா மணிக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளையின் இடத்தை மாற்றியதோடு பிரச்சினை பாதியாகக் குறைந்தது. பல்வலி, காதுவலி, நெஞ்செரிச்சல், பசி, சத்தம், சலிப்பு, வேண்டாத வேலையிலிருந்து தப்பித்தல் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் வாயில் துணியைக் கட்டுவதும் கையைக் கட்டுவதும் கூடாது.

கடிப்பதைத் தடுக்க வாய்க்காப்பு உறைகள் உண்டு. பல்லை அச்செடுத்துப் பல் மருத்துவர் செய்து தருவது மட்டுமே பாதுகாப்பானது. இணையத்தில் வாங்குவதும், ரப்பரை நாமே வெட்டி வைப்பதும் மூச்சடைப்பில் முடியலாம். கைக்குழந்தைக்குக் கழன்று விழும் எந்தப் பொருளும் ஆபத்தே.

எங்கே அனுப்புவது

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை பள்ளிக்கும் வருகிறது. அதன் வரம்பு பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை. அவர்கள் வரும் நாளில் இந்தக் குழந்தைகளின் வாயையும் பார்க்கச் சொல்லி நாமே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உயரம், எடையோடு முடிந்துவிடும். அங்கிருந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை பெறலாம். நம் மாவட்டத்தில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டபின், எதற்கெடுத்தாலும் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டிய நிலை இல்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு, சீட்டு போடும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பெறலாம். பல பெற்றோருக்கு இது தெரியாது. சிறப்புப் பயிற்றுநர் பதிவு செய்ய உதவுவார்.

போகும்போது தாயிடம் அந்த நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். மாத்திரைச் சீட்டும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கூடவே இருக்கட்டும். குழந்தைக்குத் தாடை பூட்டிக்கொள்ளும் என்பதை, நாற்காலியில் ஏற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கூட்டம் சேருமுன் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது.

அதற்கு முன்னால் ஒரு சிறு தயாரிப்பை வகுப்பிலேயே செய்யலாம். சுவரில் ஒரு கண்ணாடி, கையில் ஒரு டார்ச். வாரத்தில் இரண்டு நாள், ஐந்து நிமிடம். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து 'ஆ' காட்டி, தன் பல்லைத் தானே எண்ணட்டும். அந்தப் பிள்ளை நடுவில் எங்காவது வரட்டும், கடைசியில் வேண்டாம். முதல் வாரம் டார்ச்சைத் தூரத்தில் பிடியுங்கள். மூன்றாம் வாரத்தில் வாய்க்கு அருகில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புவது குறையும். வாயைத் திறக்காவிட்டால் கட்டாயப்படுத்தாமல் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள்.